நமுத்துப் போன ராடும் நம்பி ஏறும் படிக்கட்டும்!



ஆண்டு மலர் என்றால் முதல் பக்கத்தில் வாழ்த்துச் செய்தி, நடுவில் நாலு காதல் கவிதை, கடைசியில் கொஞ்சம் ஜோக்ஸ்... இதுதான் வழக்கம். அந்த வரிசையில், வெல்டிங் ராடை ஈரம் படாமல் வைப்பது பற்றி ஒருத்தன் கட்டுரை எழுதினால், "மச்சி, யாரோ வொர்க்‌ஷாப் ரெக்கார்டு நோட்டை மாத்தி பிரஸ்ஸுக்கு அனுப்பிட்டாங்கடா!" என்றுதான் சொல்வீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, தயவுசெய்து படித்தும் விடுங்கள்.

ஏன் என்றால், நம்மில் பாதிப் பேர் என்றைக்காவது ஒருநாள் வீட்டுப் பின்பக்கம் ஒரு தகர ஷெட் போட்டு, அதில் ஒரு வெல்டிங் மெஷினை வைக்கத்தான் போகிறோம். முன்பெல்லாம் வெல்டிங் மெஷின் என்றால் எண்ணெய் ஊற்றிய பெரிய டிரான்ஸ்ஃபார்மர். தள்ளுவதற்கே நாலு ஆள் வேண்டும். இன்றைக்கு இன்வெர்ட்டர் மெஷின் ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு போகிற சைஸில் கிடைக்கிறது. சிங்கிள் ஃபேஸில் ஓடுகிறது. அதனால் வீட்டுக்கு வீடு பட்டறை முளைக்கிறது. நல்ல விஷயம்தான்!

ஆனால் கவனித்தீர்களா? மெஷின் வாங்கும்போது பத்து பேரிடம் விசாரிக்கிறோம். எத்தனை ஆம்பியர், எத்தனை வருஷ வாரண்டி, டூட்டி சைக்கிள் என்ன... எல்லாம் கேட்கிறோம். வாங்கி வந்த பிறகு அதைப் பெட்ஷீட் போட்டு மூடி வைக்கிறோம். ராடு பாக்கெட்டை? வாயைக் கிழித்து, நாலு ராடை உருவிக்கொண்டு, மீதியை சிமெண்டுத் தரையில், சுவர் மூலையில், மழைச்சாரல் அடிக்கிற ஜன்னலுக்குக் கீழே போடுகிறோம். மாப்பிள்ளைக்குப் பட்டுவேட்டி, பெண்ணுக்குக் கிழிசல் சேலை என்கிற கதைதான்!

வெல்டு ஆகி நிற்கப்போவது மெஷின் அல்ல, ராடு. உருகி, உறைந்து, அந்த இரும்போடு இரும்பாகக் கடைசிவரை இருக்கப்போவது அதுதான். அதைக் குப்பை மாதிரி வைத்திருப்பவன், வேலையையும் குப்பை மாதிரிதான் செய்கிறான் என்பது என் தீர்மானமான கருத்து.

ராடு எப்படி ஈரம் குடிக்கிறது?

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆகவேண்டும் என்பார்கள். நம் ராடின் கதையும் அதேதான். நடுவில் இருப்பது சாதாரண மென்எஃகுக் கம்பி. அதன் மேல் இருக்கிற பூச்சுதான் உண்மையான சரக்கு. ஆர்க்கை நிலைநிறுத்துவது, காற்று பட விடாமல் உருகிய உலோகத்தைக் காப்பது, மேலே கசடாகப் படிந்து மெதுவாக ஆறவிடுவது... இத்தனையும் அந்தப் பூச்சின் வேலை. இந்தப் பூச்சுப் பொடியைக் கம்பியோடு ஒட்டவைக்கிற பசை சோடியம் சிலிகேட், பொட்டாசியம் சிலிகேட். இவை இரண்டும் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கிற குணம் கொண்டவை. பாக்கெட்டைத் திறந்த நிமிஷத்திலிருந்து ராடு ஈரம் குடிக்க ஆரம்பிக்கிறது. ஒரு சொட்டு மழை படவேண்டும் என்பதே இல்லை. ஐப்பசி, கார்த்திகைக் காற்றே போதும்.

நாள்பட்டுப் போன சில ராடுகளின் மேல் வெள்ளையாகப் பூசணம் பூத்தது மாதிரி இருக்கும். பூசணம் இல்லை அது. அந்தப் பசை, ஈரத்தோடும் காற்றிலுள்ள கரியமில வாயுவோடும் சேர்ந்து வெளியே தள்ளிய கார்பனேட் உப்பு. "துடைச்சுட்டு அடிச்சிடலாம்ணே" என்பார்கள். வெளியே பூத்ததைத் துடைக்கலாம். உள்ளே குடித்ததை எப்படித் துடைப்பது?

ஒரு சின்னக் கணக்கு

நாம் டிப்ளமோ படிக்கிறவர்கள். கணக்குப் போட்டுப் பார்க்காமல் எதையும் நம்பக் கூடாது. வாருங்கள்.

7018 என்கிற லோ-ஹைட்ரஜன் ராடை எடுத்துக்கொள்வோம். இதன் பூச்சில் ஈரம் எடையில் 0.6 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் ஏ5.1 விதி. ஒரு ராடில் 12 கிராம் பூச்சு இருப்பதாகக் கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 0.6 சதவீதம் என்றால் 0.072 கிராம். ஒரு சொட்டுத் தண்ணீர் சுமாராக 0.05 கிராம். ஆக, முழு ராடுக்கும் சேர்த்து அனுமதி ஒன்றரைச் சொட்டுத் தண்ணீர்! அவ்வளவுதான்.

சரி, ஒரு சொட்டு கூடினால் என்ன ஆகிவிடும்? ஆர்க்கின் சூட்டில் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் உடைகிறது. 18 கிராம் தண்ணீரில் 22.4 லிட்டர் ஹைட்ரஜன் வாயு இருக்கிறது என்று முதலாம் ஆண்டு கெமிஸ்ட்ரியில் படித்தோம். அப்படியானால் 0.05 கிராமில்? சுமார் 62 மில்லி! நம் இந்திய தர நிர்ணயம் ஐஎஸ் 814-இல் ஹைட்ரஜன் கட்டுப்பாட்டுக்கு ஹெச்1, ஹெச்2, ஹெச்3 என்று மூன்று குறியீடு உண்டு. அதில் கடுமையான ஹெச்3 என்ன சொல்கிறது? 100 கிராம் வெல்டு உலோகத்தில் ஹைட்ரஜன் 5 மில்லிக்குள் இருக்கவேண்டும் என்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் தருவதோ 62 மில்லி. அத்தனையும் உலோகத்துக்குள் போய்விடாது, பெரும்பகுதி வெளியேறிவிடும் என்பது உண்மை. ஆனால் பத்தில் ஒரு பங்கு உள்ளே போனாலும் எல்லை தாண்டிவிட்டதே!

ஹைட்ரஜன் உள்ளே போனால்?

இரண்டு விதமான கெடுதல் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதலாவது, கண்ணுக்குத் தெரிகிற கெடுதல். ஆர்க் நிலையாக நிற்காது, படபடவென்று வெடிக்கும். பொரி நாலாபக்கமும் தெறிக்கும். ஆரம்பிக்கிற இடத்தில் ஊசி குத்தினது மாதிரி புரை விழும். கசடு தட்டினால் லேசில் உரிந்து வராது. நம் வீட்டுப் பட்டறையில் அதிகம் ஓடுகிற 6013 ராடு நமுத்துப் போனால் இதுதான் நடக்கும். எரிச்சல்தான், ஆனால் ஒருவிதத்தில் இது நல்லது. தப்பு நடக்கிறது என்று ராடே கத்திச் சொல்லிவிடுகிறது.

இரண்டாவது கெடுதல் கத்தாது. அதுதான் ஆபத்து. ஹைட்ரஜன் அணு மிகச் சின்னது. இரும்பு ஆறின பிறகும் அதன் உள்ளே மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். வெல்டை ஒட்டி, சூடு பட்டுக் கெட்டிப்பட்ட பகுதிக்குப் போய்ச் சேரும். அங்கே ஏற்கெனவே ஆறும்போது உண்டான இழுவிசை காத்திருக்கிறது. கெட்டியான இரும்பு, இழுவிசை, ஹைட்ரஜன் - இந்த மூன்றும் ஒரே இடத்தில் கூடினால் விரிசல். அதுவும் உடனே இல்லை! சில மணி நேரம் கழித்து, சமயத்தில் ஓரிரு நாள் கழித்து. அதனால்தான் சிலவகை உயர்வலு எஃகுகளில் வெல்டு முடிந்து 48 மணி நேரம் ஆன பிறகே கடைசிப் பரிசோதனை செய்யவேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள்.

நம் ஊர்ப் பட்டறையில் 48 மணி நேரம் யார் காத்திருக்கிறார்கள்? கசடைத் தட்டி, கிரைண்டர் ஓட்டி, சாயங்காலமே ரெட் ஆக்சைடு அடித்து, மறுநாள் காலையில் வண்டியேற்றி விடுகிறோம். ராத்திரியில் விழுந்த விரிசல் பெயிண்டுக்கு அடியில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது.

இது நமக்கெல்லாம் எங்கே வரப்போகிறது என்கிறீர்களா? வீட்டுப் பட்டறைக்கு என்னென்ன வேலை வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். டிராக்டர் டிரெய்லரின் கொக்கி. தேய்ந்துபோன கலப்பைக் கொழு. உடைந்த லாரிப் பட்டை. இவையெல்லாம் கார்பன் கூடின எஃகு. ஆறும்போது கெட்டிப்படுகிற ஜாதி. ஹைட்ரஜன் விரிசலுக்கு இவைதான் சொந்த வீடு!

வெளிநாட்டு உதாரணம் ஒன்றும் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் கிங்ஸ் பாலம் என்று ஒரு பாலம். 1961-இல் திறந்தார்கள். 1962 ஜூலை 10, குளிரான காலை நேரம். 45 டன் எடையுள்ள ஒரு வண்டி ஏறியதும் ஒரு பகுதி முறிந்து தொய்ந்துவிட்டது. நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை. விசாரித்தபோது தெரிந்தது என்ன? உயர்வலு எஃகு கர்டரின் அடித்தட்டில், கூடுதல் பிளேட் முடிகிற இடத்தில் குறுக்கே போட்ட ஃபில்லட் வெல்டின் ஓரத்தில், வெல்டிங் சமயத்திலேயே விழுந்த விரிசல்கள். ராடு ஈரமாக இருந்ததுதான் அதற்குக் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. எஃகின் குணம், குளிர், வடிவமைப்பு, பரிசோதனைக் குறைவு எல்லாம் சேர்ந்து நடந்தது அது. நான் சொல்லவருவது ஒன்றே ஒன்று. வெல்டை ஒட்டி விழுகிற சின்ன விரிசல், பாலம் கட்டியவன் கண்ணுக்கே தப்பும் என்றால் நம் கண்ணுக்குத் தப்பாதா?

"இருபது வருஷமா இப்படித்தான்பா அடிக்கிறோம்!"

இதைச் சொன்னால் பட்டறை அண்ணன்மார்கள் சிரிப்பார்கள். "தம்பி, இருபது வருஷமா ராடு தரையிலதான் கிடக்கு. நான் அடிச்ச கேட்டு ஒண்ணாவது விழுந்திருக்கா?" என்பார்கள். நியாயமான கேள்விதான். அதை மதித்துப் பதில் சொல்லவேண்டும்.

அவர் அடித்தது ஜன்னல் கிரில், கேட். அதில் இருப்பது மெல்லிய மென்எஃகு. அது கெட்டிப்படாது. கிரிலில் நாற்பது இடத்தில் வெல்டு இருக்கும், நாலு விட்டுப்போனாலும் மீதி தாங்கும். அதற்கு 6013 ராடு ரொம்பப் பொருத்தம். அந்த ராடு எவ்வளவு காய்ந்திருந்தாலும் அதில் ஹைட்ரஜன் 15 மில்லிக்கு மேலேதான் இருக்கும். இருந்தும் மென்எஃகு அதைப் பொறுத்துக்கொள்கிறது. ஆக, கிரில் விழவில்லை என்பது ராடை அவர் வைத்திருந்த லட்சணத்துக்குக் கிடைத்த சர்ட்டிஃபிகேட் இல்லை. மென்எஃகின் பெருந்தன்மைக்குக் கிடைத்த சர்ட்டிஃபிகேட்!

ஆனால் அதே கை, அதே பழக்கத்தோடு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு ஸ்டாண்டு அடிக்கிறது. ஆயிரம் லிட்டர் தொட்டி என்றால் தண்ணீர் மட்டுமே ஒரு டன். நாலு கால், நாலே நாலு முக்கியமான இணைப்பு. அதே கை இரும்புப் படிக்கட்டு அடிக்கிறது. அதே கை குழந்தைகளின் ஊஞ்சலுக்குக் கொக்கி வைக்கிறது. இங்கே புரை விழுந்த வெல்டு ஒன்று விட்டுப்போனால், தாங்க இன்னொன்று இல்லை. படிக்கட்டில் ஏறுகிற பாட்டிக்கு 6013 தெரியாது, 7018 தெரியாது. நம்மைத்தான் தெரியும். "நம்ம பையன் பண்ணினது" என்று நம்பி ஏறுகிறாள்.

7018 மோகம்

இப்போது ஒரு புது நாகரிகம் வந்திருக்கிறது. "7018 தாண்டா ஸ்ட்ராங்கு! பாலத்துக்கெல்லாம் அதான் போடுறாங்க" என்று கேட்டுக்கு, ஸ்டூலுக்குக்கூட அதை வாங்குகிறார்கள். எண்ணைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 60 என்பதும் 70 என்பதும் ஆயிரம் பவுண்டு கணக்கில் சதுர அங்குலத்துக்கான இழுவலிமை. 70 பெரிதுதானே?

பெரிதுதான். ஆனால் அந்த ராடுக்கு உண்டான மரியாதையோடு வைத்திருந்தால்தான் பெரிது. பெரிய தொழிற்சாலைகளில் அதை எப்படி நடத்துகிறார்கள் தெரியுமா? மதர் ஓவன் என்கிற பெரிய அடுப்பில் காயவைத்து, அப்புறம் 120 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறையாமல் சூட்டிலேயே வைத்திருந்து, வெல்டருக்கு எண்ணிக் கொடுக்கிறார்கள். அவர் அதைக் கையடக்கமான போர்ட்டபிள் ஓவனில் போட்டுப் பிளக்கில் மாட்டிவைத்து, ஒவ்வொன்றாக உருவி எடுத்து அடிக்கிறார். அமெரிக்க டி1.1 விதிப்படி சாதாரண 7018 ராடு வெளிக்காற்றில் அதிகபட்சம் 4 மணி நேரம்தான் இருக்கலாம். தாண்டிவிட்டால் திரும்பவும் ஓவனில் சுட்டு எடுக்கவேண்டும். அதுவும் ஒரே ஒரு தடவைதான். தண்ணீரில் நனைந்த ராடு என்றால் பேச்சே இல்லை, தூக்கிப் போடவேண்டியதுதான்.

இதில் இன்னொரு வேடிக்கை. நமுத்த 6013 கத்தும் என்றேன். நமுத்த 7018 பெரும்பாலும் கத்தாது! கொஞ்சம் ஈரம் குடித்த 7018 பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும், ஓட்டும்போதும் நன்றாகத்தான் ஓடும். உள்ளே ஹைட்ரஜனை ஏற்றிவிட்டுப் போய்விடும். ஆகவே என் அபிப்பிராயம் இது: ஓவன் இல்லாத வீட்டுப் பட்டறையில், வாய் திறந்து கிடக்கிற 7018-ஐ விட, ஒழுங்காக வைத்திருந்த 6013 எவ்வளவோ மேல். மென்எஃகு ஆங்கிளுக்கும் சேனலுக்கும் இதுவே போதும். கட்டாயம் 7018 தான் வேண்டும் என்கிற வேலை வந்தால், வாக்குவம் பேக் செய்த சின்னப் பாக்கெட்டாக வாங்குங்கள். அன்றைக்கே திறந்து, சில மணி நேரத்துக்குள் அடித்து முடியுங்கள். மீந்ததை முக்கியமில்லாத வேலைக்கு ஒதுக்குங்கள். அதற்கும் மேலான வேலை என்றால், ஓவன் வைத்திருக்கிற பட்டறைக்கு அனுப்பிவிடுவதில் ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.

முறுக்கு டப்பா சித்தாந்தம்

ராடை வைத்திருப்பதில் ஊரில் எல்லோரும் செய்கிற குழப்பம் ஒன்று உண்டு. காய்ந்ததைக் காய்ந்தபடியே காப்பது வேறு. நமுத்ததைக் காயவைப்பது வேறு. நம் அம்மாக்களுக்கு இது நன்றாகவே தெரியும். சுட்ட முறுக்கை ஆறவைத்த கையோடு எவர்சில்வர் டப்பாவில் போட்டு இறுக மூடுகிறார்கள். தீபாவளி முடிந்து பதினைந்து நாள் ஆனாலும் மொறுமொறுவென்று இருக்கிறது. ஆனால் தட்டில் கிடந்து நமுத்துப்போன முறுக்கை அதே டப்பாவில் போட்டால்? மொறுமொறுப்பாகுமா? ஆகாது! ராடும் அப்படித்தான்.

காயவைப்பது என்றால் ஒவ்வொரு ராடுக்கும் ஒரு சூடு இருக்கிறது. 6013 வகைக்கு 120 முதல் 150 டிகிரியில் அரைமணி நேரம் போதும். 7018 வகைக்கு 350 டிகிரி சுற்றி ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், பாக்கெட்டின் மேலேயே போட்டிருப்பார்கள், அதைப் படியுங்கள். 6013-ஐ 350 டிகிரியில் போட்டால் பூச்சு கெட்டுப்போகும். பைப்லைனில் உபயோகிக்கிற 6010, 6011 மாதிரியான செல்லுலோஸ் ராடுகளுக்கோ பூச்சில் கொஞ்சம் ஈரம் இருந்தே ஆகவேண்டும். அதைச் சுட்டால் ராடே வீண். ஆகவே "எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுச் சுடு" என்கிற வேலை ஆகாது.

வெயிலில் பரப்பினால் போதாதா? மேலோட்டமான ஈரம் போகும். பூச்சின் பசைக்குள் இறுகிப் பிடித்திருக்கிற தண்ணீர் 60 டிகிரிக்கெல்லாம் அசையாது. கேஸ் டார்ச்சில் வாட்டினால் பூச்சு வெடித்து உதிரும். ஜாப்பில் ஒட்டவைத்து ஷார்ட் பண்ணிச் சூடேற்றுவது பலர் செய்கிற தந்திரம். அதில் எத்தனை டிகிரி ஏறியது என்று யாருக்குத் தெரியும்? ஒரு முனை வெந்து, ஒரு முனை பச்சையாக இருக்கும். வீட்டுச் சமையல் ஓவனில் வைப்பது அதைவிட மோசம். 7018 பூச்சில் ஃப்ளோரைடு இருக்கிறது. சாப்பாடு வேகிற இடத்தில் அதற்கு வேலை இல்லை.

அப்படியென்றால் வீட்டில் என்னதான் செய்வது?

கையில் காசு இல்லாத நமக்காகவே நாலு வழி இருக்கிறது.

ஒன்று: கொஞ்சமாக வாங்குங்கள். "மொத்தமா எடுத்தா விலை குறைச்சுத் தர்றேன் தம்பி" என்பார் ஹார்டுவேர் கடை அண்ணாச்சி. மாதத்துக்கு ஒரு பாக்கெட் செலவாகிற பட்டறைக்கு ஒரு பெட்டி எதற்கு? வாங்கின தேதியைப் பாக்கெட்டின் மேல் மார்க்கரில் எழுதுங்கள். முதலில் வந்தது முதலில் போகட்டும். வாங்கும்போதே பாக்கெட் நசுங்கியிருக்கிறதா, கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். கடையிலேயே நமுத்ததை வீட்டில் வைத்துக் காப்பாற்ற முடியாது.

இரண்டு: சிமெண்டுத் தரையில் வைக்காதீர்கள். தரை ஈரத்தை உறிஞ்சி மேலே அனுப்பும். சுவரை ஒட்டியும் வேண்டாம். தரைக்கு ஓரடி உயரத்தில் ஒரு மரப்பலகை, சுவருக்கு நாலு விரல் இடைவெளி. செலவு என்ன? ஒன்றுமில்லை!

மூன்று: பி.வி.சி. பைப் டப்பா. பத்து கேஜ் என்று நாம் சொல்கிற 3.15 மில்லிமீட்டர் ராடு 450 மில்லிமீட்டர் நீளத்திலும் 350-இலும் வருகிறது. நீளமானதற்கு அரை மீட்டர் பைப் வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு முனையில் சாதா மூடியை சால்வெண்ட் போட்டு ஒட்டுங்கள். மறு முனைக்குத் திருகு மூடி, உள்ளே ஒரு ரப்பர் வாஷர். அடியில் ஒரு சின்னத் துணிப்பையில் சிலிகா ஜெல். நீலமாக இருக்கிற சிலிகா ஜெல் ஈரம் குடித்தால் ரோஸ் நிறமாகும். 120 டிகிரி சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் திரும்பவும் நீலமாகும். அந்த நீல நிறத்தில் கோபால்ட் உப்பு இருக்கிறது, குழந்தைகள் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுட்ட ராடைச் சூட்டோடு பி.வி.சி.யில் போடாதீர்கள், பைப் இளகிவிடும். ராடு வகைக்கு ஒரு டப்பா, வெளியே பெயர். ஒரே டப்பாவில் எல்லாவற்றையும் போட்டால், அவசரத்தில் எது எது என்று தெரியாது.

நான்கு: பல்பு பெட்டி. ஓடாத பழைய ஃபிரிட்ஜோ, தகரப் பீரோவோ இருந்தால் அடியில் ஒரு 60 வாட் பல்பு. இது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் நம் தெர்மல் பாடமே இதில் இருக்கிறது. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். மழைக்காலத்தில் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் அதில் 24 கிராம் இருக்கிறது. அதே காற்றை 45 டிகிரிக்குச் சூடேற்றினால் அது 65 கிராம் தாங்கும். இருப்பதோ அதே 24. ஆக, ஈரப்பதம் 37 சதவீதம்! 25 டிகிரிக்கு மேற்பட்ட இடத்தில் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்பது ராடு கம்பெனி தருகிற அறிவுரை. நம் ஊர் மழைக்காலத்தில் சும்மா வைத்தால் அது நடக்காது. ஒரு பல்பு அதை நடத்திக் காட்டுகிறது.

ஆனால் மூன்று எச்சரிக்கை. எல்.இ.டி. பல்பைப் போட்டுவிட்டு "பெட்டி ரெடி" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். அது வெளிச்சத்துக்கு வந்த பல்பு, சூட்டுக்கு வந்தது அல்ல. பழைய குண்டு பல்பு, இல்லாவிட்டால் தெர்மோஸ்டாட் வைத்த சின்ன ஹீட்டர்தான் வேண்டும். இரண்டாவது, பல்பைச் சுற்றிக் கம்பி வலை அடியுங்கள், அட்டைப் பாக்கெட் அதில் சாய்ந்தால் தீப்பிடிக்கும். உலோக உடம்புக்கு எர்த் கொடுங்கள். மூன்றாவது, பழைய ஃபிரிட்ஜின் பூட்டையும் கொக்கியையும் கழற்றி எறியுங்கள். குழந்தை உள்ளே போய் மாட்டிக்கொண்ட பிறகு அழுது பயனில்லை. இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: இதுவும் முறுக்கு டப்பாதான், அடுப்பு அல்ல. காய்ந்ததைக் காக்கும், நமுத்ததைக் காயவைக்காது.

ராடு நமுத்திருக்கிறதா என்று பார்க்கப் பழைய மேஸ்திரிகள் சொல்கிற சோதனை ஒன்று உண்டு. இரண்டு ராடை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது "கிணிங்" என்று கணீரென ஒலிக்கும், ஈரமானது "டொக்" என்று மந்தமாக இருக்கும். 6013-க்கு இது உதவும். 7018-ஐ இதை வைத்து நம்பிவிடாதீர்கள். பூச்சுக்கு அடியில் கம்பி துருப்பிடித்திருந்தால் சோதனையே வேண்டாம், குப்பைக்கூடைதான். 2015-லும் 2023-லும் டிசம்பர் மழையில் சென்னை மூழ்கியதே, அந்த மாதிரி வெள்ளத்தில் நனைந்த ராடுக்கும் அதே தீர்ப்புதான். நஷ்டம் வலிக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதைக் காயவைத்து ஒரு படிக்கட்டில் அடித்தால், நஷ்டம் நம்மிடமிருந்து இன்னொருவர் காலுக்கு மாறுகிறது, அவ்வளவே. போதாததற்கு ஈர ராடு, ஈரக் கையுறை, மெஷினின் 50 முதல் 80 வோல்ட்... ஷாக்குக்கு நாமே பத்திரிகை அடித்து அழைத்த மாதிரி!

நம் பணிமனைக்கு ஒரு வேண்டுகோள்

வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் என்று ஒன்று 1975 முதல் திருச்சி பெல் வளாகத்தில் இருக்கிறது. நம் மாநிலத்திலேயே அப்படி ஒரு இடம் இருக்க, நாம் மூன்று வருஷம் படித்தும் ஒரு ராடு ஓவனைக் கண்ணால் பார்க்காமல் வெளியே போகலாமா? பட் ஜாயிண்ட், லேப் ஜாயிண்ட், டீ ஜாயிண்ட் என்று அடித்து மார்க் வாங்குகிறோம். வைவாவில் "ராடை எங்கிருந்து எடுத்தாய்?" என்று யாராவது கேட்டால் என்ன சொல்வோம்?

ஆகவே மாணவர் மன்றத்தின் சார்பில் கேட்கவேண்டும் என்று நான் நினைப்பது மூன்றே விஷயம். வெல்டிங் ஷாப்பில் ராடு வைக்கிற அலமாரிக்குள் ஒரு ஈரப்பத மீட்டர். ராடை எண்ணிக் கொடுத்து, மீந்ததையும் துண்டையும் எண்ணி வாங்குகிற ஒரு நோட்டு. தெர்மோஸ்டாட் வைத்த ஒரு ராடு பெட்டி. அதை விலைக்குக்கூட வாங்கவேண்டாம், இறுதியாண்டு மாணவர்களின் புராஜெக்டாகக் கொடுங்கள். ஷீட் மெட்டல், வெல்டிங், எலெக்ட்ரிக்கல், தெர்மல் நாலு பாடமும் ஒரே பெட்டிக்குள் அடங்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் தூசு படிகிற மாடலுக்கு இது எவ்வளவோ தேவலை. அடுத்த வருஷம் வருகிற தம்பிகளுக்குப் பயன்படும்.

நண்பர்களே, வெல்டிங்கில் ஒரு விசித்திரம் உண்டு. நாம் செய்கிற நல்ல வேலையும் கசடுக்கு அடியில், கெட்ட வேலையும் கசடுக்கு அடியில். மேலே பெயிண்ட் அடித்துவிட்டால் இரண்டும் ஒரே நிறம். வித்தியாசம் தெரிந்தவன் உலகத்தில் ஒரே ஒருத்தன்தான், அடித்தவன். யாரும் கேட்காத இடத்தில், யாரும் பார்க்காத டப்பாவுக்குள், யாருக்கும் தெரியாத ஒன்றரைச் சொட்டு ஈரத்தை ஒருவன் கணக்கில் வைத்திருக்கிறானே, அவன்தான் டெக்னீஷியன். மற்றவனெல்லாம் மெஷினுக்கு ஸ்விட்ச் போடுகிறவன்.

நெஞ்சில் ஈரம் இருக்கட்டும். ராடில் வேண்டாம்!